பூஜ்ஜியம் போட்ட ராத்திரி!

ஃப்ரெண்ட்ஸ், மூணாவது வருஷம் படிக்கிற எந்த இன்ஜினீயரிங் பையனையும் பிடிச்சு, "இன்டர்ன்ஷிப் எங்கேடா பண்ணினே?"ன்னு கேட்டுப் பாருங்க. சோழிங்கநல்லூர், சிறுசேரி, ஸ்ரீபெரும்புதூர்னு பதில் வரும். கழுத்துல டேக் மாட்டின போட்டோவும் கூடவே வரும். என்கிட்ட கேட்டாங்க. "தாமல் ஏரிக்கரையில. தவளை எண்ணினேன்"னு சொன்னேன். கிளாஸே குலுங்கிச்சு. அன்னியிலேர்ந்து என் பேரு 'தவளை'. வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, அது ஏன் தவளை?"

சிரிச்சாச்சா? இப்ப கதைக்கு வரேன்.

தாமல் எங்க ஊரு. காஞ்சிபுரத்துலேர்ந்து பெங்களூரு ஹைவேயில பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துடும். ஜன்னல் வழியா ஒரு பெரிய ஏரி தெரிஞ்சா அதுதான் எங்க ஏரி. ஹைவேயில போறவங்க காரை நிறுத்தி செல்ஃபி எடுப்பாங்க. ஞாயித்துக்கிழமை கரையில கட்டுச்சோறு, கிரிக்கெட், ராத்திரியானா கொஞ்சம் பாட்டில். எங்களுக்கு பீச், பார்க் எல்லாமே அதுதான். அப்பாவுக்கு மட்டும் அது வேற. மதகுக்குக் கீழே எங்க கழனி இருக்கு.

நான் ஈ.சி.இ. உயிரியல் எனக்குப் பத்தாவதோட சரி. எங்க சீனியரோட அக்கா ஆராய்ச்சி மாணவி. காஞ்சிபுரம் பக்கத்து ஏரிக்கரைகள்ல, புதர்க்காடுகள்ல என்னென்ன தவளை, பாம்பு, ஓணான், ஆமை இருக்குன்னு கணக்கெடுக்கறாங்க. ராத்திரி பூரா தவளைச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ற மெஷின் ஒண்ணு அடிக்கடி படுத்துக்குது, அதைச் சரி பண்ணவும் எக்ஸெல்ல டேட்டா ஏத்தவும் ஒரு ஆள் வேணும்னாங்க. சம்பளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. வாரத்துக்கு ஒரு சின்னத் தொகை, ராத்திரி பரோட்டா. பத்து வாரம், சனி ஞாயிறு மட்டும், அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். வீட்டுல இருந்தபடியே இன்டர்ன்ஷிப்! ஓகே சொல்லிட்டேன். இதுல பாம்பும் உண்டுன்னு அம்மாகிட்ட சொல்லலை.

முதல் வாரம் கிண்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் உங்களுக்குத் தெரியும், ஸ்கூல் டூர்ல எல்லாரும் போயிருப்பீங்க. 1972-ல ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்ச பாம்புப் பண்ணை அது. சின்ன வயசுல கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பாம்பை எழுப்பப் பார்த்தவன் நான். இந்த வாட்டி நோட்டோட நின்னேன். கட்டுவிரியனுக்கும் ஓநாய்ப் பாம்புக்கும் வித்தியாசம் சொல்லுன்னாங்க அக்கா. ரெண்டுமே கறுப்பு மாதிரி, ரெண்டுலயும் பட்டை. ஓநாய்ப் பாம்புக்குப் பட்டை கழுத்துக்கிட்டயே ஆரம்பிச்சு வால் பக்கம் மங்கிடும். வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டை இருக்காது, பின்னாடி போகப் போகத்தான் தெளிவாகும். முதலாவதுக்கு விஷமே இல்லை, ரெண்டாவது ஆளைத் தூக்கிடும். எங்க தெருவுல 'கட்டுவிரியன்'னு அடிச்சுப் போட்டதுல பாதி ஓநாய்ப் பாம்புன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. (இதைப் படிச்சுட்டு வீட்டுல பாம்பைக் கையில தூக்கி செக் பண்ணாதீங்க பாஸ். தள்ளி நில்லுங்க, போதும்.)

வேலை எப்படின்னா, கரையில ஐந்நூறு மீட்டரை அளந்து அஞ்சு துண்டாப் பிரிச்சுட்டோம். ஒவ்வொரு துண்டு முடியற இடத்துலயும் கல்லுல வெள்ளை பெயின்ட். ராத்திரி ஏழு மணிக்கு நெத்தியில டார்ச் கட்டிக்கிட்டு மெதுவா நடக்கணும். ஒரு துண்டுக்கு இருபது நிமிஷம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. எப்பவும் ரெண்டு பேரா போகணும். ஒருத்தர் கரைமேல, ஒருத்தர் சரிவுல. பார்த்ததை எழுதணும், தொடக்கூடாது. நேரம், வெப்பநிலை, ஈரம், மேகம்... எல்லாத்துக்கும் ஒரு கட்டம். ஒவ்வொரு வாரமும் அதே பாதை, அதே நேரம், அதே வேகம். போர்தான். ஆனா அந்த போர்தான் அறிவியல்னு அக்கா சொல்வாங்க. நம்ம லேப்ல ரீடிங் எடுக்கற மாதிரியேதான். நாம லேப்ல ரீடிங் எப்படி எடுக்கறோம்னு நமக்குத் தெரியும், இல்லையா? அந்தப் பழக்கம்தான் என்னை எங்கே கொண்டு விட்டுச்சுன்னு சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி தவளைங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். இல்லேன்னா அதுங்க கோவிச்சுக்கும்.

அக்டோபர்ல முதல் பெரிய மழை பெஞ்ச ராத்திரி. கரைக்குக் கீழ தேங்கின குட்டையில பளீர்னு எலுமிச்சை மஞ்சள்ல ஏதோ மிதக்குது. பிளாஸ்டிக் கவர்னு நினைச்சேன். கவர் கத்திச்சு! ரெண்டு பக்கமும் நீல நிறத்துல ரெண்டு பலூன் உப்பிச்சு. நாம தினம் பார்க்கிற அதே அழுக்குப் பச்சைப் பெருந்தவளைதான். முதல் மழைக்கு ஆண் தவளை மட்டும் மஞ்சள் சட்டை போட்டுக்கும். சில நாள்ல சாயம் போயிடும். இருபது வருஷம் இதே கரையில திரிஞ்சிருக்கேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு நம்ம பசங்க கலர் கலரா வர்றதைப் பார்த்தா இப்பெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது.

இதே தவளையோட காலை வெட்டி ஐஸ்ல வச்சு வெளிநாட்டுக்கு அனுப்பிட்டிருந்தோம். 1987-ல மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை பண்ணிச்சு. எங்க தாத்தா காலத்துல ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கோட சாக்குல தவளை பிடிச்சுட்டுப் போவாங்களாம்.

அப்புறம் ஒரு ஆள் இருக்கார். ஒரு ரூபாய் காசு அளவுதான் இருப்பார், சத்தம் மட்டும் மிக்ஸி மாதிரி. அழகுக் குறுவாய்த் தவளை. என் மெஷின்ல ரெக்கார்ட் ஆன கத்தல்ல பெரும்பங்கு இவரோடதுதான். பாத்ரூம் சுவத்துல ஒட்டிக்கிட்டு நம்மளை அலற விடுமே மரத்தவளை, நாம தேரைன்னு சொல்றது, அது தண்ணிக்கு மேல இருக்கிற கிளையில நுரையாலயே கூடு கட்டும். முட்டை பொரிஞ்சதும் குட்டிங்க நேரா கீழே தண்ணியில தொபுக். வருஷத்துல முக்கால்வாசி நாள் மண்ணுக்குள்ள தூங்கிட்டு, மழைக்கு மட்டும் மேல வர்ற பலூன் தவளையும் உண்டு. தவளை தன் வாயால் கெடும்னு சொல்வோம். எங்களுக்கு அதோட வாய்தான் உதவி. பார்க்காமலேயே சத்தத்தை வச்சு யாரு யாருன்னு சொல்லிடலாம்.

புதுசா ஒரு தவளையைக் கண்டுபிடிச்சாங்கன்னு நியூஸ் வந்தா, அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையாத்தான் இருக்கும். நம்ம சமவெளித் தவளைக்கு பேப்பர்ல இடம் இல்லை. ஆனா 2023-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வு, உலகத்துல இருக்கிற நீர்நில வாழ்வன இனங்கள்ல சுமார் 41 சதவீதம் அழியற ஆபத்துல இருக்குன்னு சொல்லுது. முதுகெலும்புள்ள உயிரினங்கள்லயே மோசமான நிலைமை இதுங்களுக்குத்தான். தோலாலயும் மூச்சு விடற ஜீவன், தண்ணியில எதைக் கலந்தாலும் முதல்ல வாங்கிக்கிறது அதோட உடம்புதான். எங்க கழனியில அடிக்கிற மருந்து எங்கே வடியுதுன்னு அப்பாகிட்ட கேட்டேன். "ஏன், நீ வந்து களை புடுங்கறியா?"ன்னார். டாபிக் க்ளோஸ்.

பாம்பு பார்க்க எங்களோட வந்தவர் இருளர் தாத்தா ஒருத்தர். அறுபது தாண்டினவர், கண்ணாடி கிடையாது. நான் நெத்தியில டார்ச்சோட தடுமாறுவேன், அவர் பீடிக்கட்டோட நடப்பார். "தம்பி, நில்லு"ம்பார். நான் நிப்பேன். என் காலுக்கு முன்னாடி ஒண்ணுமே இருக்காது. அவர் குச்சியால காட்டின இடத்துல உத்துப் பார்த்தா புல்லோட புல்லா ஒரு தலை. தரையில ஒரு கோட்டைப் பார்த்தே, போனது சாரையா விரியனான்னு சொல்லிடுவார். எனக்கு சைக்கிள் டயர் தடமும் அதுவும் ஒண்ணாத்தான் தெரியும்.

வெளிநாட்டுக்குப் பாம்புத் தோல் போன காலத்துல, தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்கதான் இருளர்கள். எழுபதுகள்ல அதுக்குத் தடை வந்ததும் பிழைப்பு போச்சு. 1978-ல அவங்க கூட்டுறவுச் சங்கம் உருவாச்சு. மாமல்லபுரம் ரோட்டுல வடநெம்மேலியில முதலைப் பண்ணைக்குள்ள இருக்கு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு நாலு வகையைப் பிடிச்சு, சில வாரம் வச்சிருந்து விஷம் எடுத்துட்டு, திரும்பவும் வெளியிலேயே விட்டுடுவாங்க. நாட்டுல விஷமுறிவு மருந்து தயாரிக்கப் போற விஷத்துல பெரும்பகுதி இவங்க கையாலதான் போகுது. இவங்கள்ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு பேரை 2017-ல அமெரிக்காவோட ஃப்ளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கக் கூப்பிட்டாங்க. 2023-ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது. நம்ம எத்தனை பேரோட ரெஸ்யூமேல 'அமெரிக்கா ஆன்சைட்' இருக்கு, சொல்லுங்க!

சரி, அந்த ராத்திரி.

டிசம்பர் முதல் வாரம். அக்கா கைடைப் பார்க்க சென்னை போயிட்டாங்க. அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரியும் அவங்க இல்லை. நானும் தாத்தாவும்தான். தாத்தாவுக்கு எழுதப் படிக்க வராது, நோட்டு என் கையில. நாலாவது துண்டு முடிக்கும்போது தூறல் பிடிச்சுது. தாத்தாவுக்கு இருமல். "நீங்க போங்க தாத்தா, மீதியை நான் பாத்துக்கறேன்"னேன். ரெண்டு பேரா போகணுங்கற ரூல் அங்கேயே காலி. அவர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுப் போனார்.

அஞ்சாவது துண்டு மதகுகிட்ட முடியும். போன நாலு வாரமும் அங்கே ஒண்ணும் பெருசா இல்லை. மழை வலுக்குது, ஷூவெல்லாம் சேறு, பசி. புளியமரத்தடியில நின்னு நோட்டைத் திறந்தேன். துண்டு அஞ்சு. தவளை 3 (ஒண்ணுமே இல்லாட்டி சந்தேகம் வருமே!). பாம்பு 0. ஓணான், பல்லி 0. ஆமை 0. நேரம் 8.40. வெப்பநிலை 24. தெர்மாமீட்டர் பைக்குள்ளேயே இருந்துச்சு. எடுத்துக்கூடப் பார்க்கலை. லேப் ரெக்கார்டுல வளைவு நேரா வர்றதுக்கு நாம போடற 'அட்ஜஸ்ட்மென்ட்' மாதிரியே, கை தானாப் போட்டுச்சு. அந்த 8.40-க்கு வீட்டுல தோசை சாப்பிட்டுட்டிருந்தேன்.

அப்பா வீட்டுல இல்லை. கழனியில தண்ணி நிக்குது, வடியறதுக்கு வெட்டி விடணும்னு மண்வெட்டியோட போயிருக்கார்னு அம்மா சொன்னாங்க. மழைக்காலத்துல அது எங்க வீட்டுல சகஜம். நான் காதுல வாங்கிக்கலை.

காலையில வாசல்ல அப்பா மண்வெட்டியைக் கழுவிட்டிருந்தார். சாதாரணமா, பால் விலை சொல்ற மாதிரி சொன்னார். "நேத்து மதகாண்ட ஒரு கண்ணாடி விரியன்டா. குக்கர் மாதிரி சத்தம் வுட்டுச்சு. வுடலைன்னா மிதிச்சிருப்பேன். ஒரே போடு."

"எத்தனை மணி இருக்கும்ப்பா?"

"எட்டரை இருக்கும். இன்னா இப்போ?"

ஓடினேன். வெள்ளைக் கல்லுலேர்ந்து பத்தடி தூரம்கூட இல்லை. பழுப்பு முதுகுல மூணு வரிசையா சங்கிலி மாதிரி வட்டம், கழுத்துல வெட்டு. பக்கத்துலயே ஈர மண்ணுல அப்பாவோட வெறுங்கால் தடம். செருப்பு போட்டா வரப்புல வழுக்கும்னு அவர் எப்பவும் போட மாட்டார். பாம்புக்கும் கால் தடத்துக்கும் நடுவுல என் ஒரு ஜாண் இருந்துச்சு. நான் அளந்து பார்த்தேன்.

நான் பொய் எழுதின அதே நேரம், அதே நூறு மீட்டர். நான் நேர்மையா நடந்திருந்தா பார்த்திருப்பேன்னு சொல்ல முடியாது. ஆனா தாத்தா பார்த்திருப்பார். குச்சியால ஓரமா ஒதுக்கி விட்டிருப்பார். அப்பாவை நாலு அடி தள்ளி நடக்கச் சொல்லியிருப்போம். பாம்பும் பொழைச்சிருக்கும்.

தாத்தா வந்தார். குத்துக்கால் போட்டு உக்காந்து பாம்பையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நேத்து இவ்ளோ தூரம் வந்தியா தம்பி?"

நான் பேசலை. அவரும் அப்புறம் கேக்கலை. அன்னிக்கு பூரா அந்த ஒரு கேள்விதான் காதுக்குள்ள.

2020-ல வந்த ஒரு ஆய்வைப் பத்தி அக்கா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. 2000-லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக் கடியால செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரியா 58 ஆயிரம். அதுல பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க, மழைக்காலம், வீட்டுலயோ கழனியிலயோ. அதுலயும் கண்ணாடி விரியன்தான் முன்னணி. 2017-ல உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்ப் பட்டியல்ல சேர்த்துச்சு. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல பாம்புக் கடியை ஆஸ்பத்திரிங்க கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு அறிவிச்சாங்க. அதாவது, எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. எங்கே கடிக்குது, எப்போ கடிக்குதுன்னு எண்ணினாத்தான் மருந்தை எங்கே வைக்கறதுன்னு தெரியும். இந்த எக்ஸெல் ஷீட்டை டைப் பண்ணினவனே நான்தான். 12 லட்சங்கறதை ஒரு எண்ணாத்தான் டைப் பண்ணினேன்.

சாயங்காலம் அக்காவுக்கு போன் பண்ணினேன். சுத்தி வளைக்காம சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திட்டுவாங்கன்னு பார்த்தேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"பூஜ்ஜியம்னா, போனேன், தேடினேன், இல்லைன்னு அர்த்தம்டா. போகலைன்னா வெறும் கோடு போடணும். கோடு போட்டிருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன். இந்த மாதிரி இன்னும் எத்தனை பூஜ்ஜியம் இருக்கு?"

"சத்தியமா வேற இல்லக்கா."

"நான் எப்படி நம்பறது? நான் இல்லாத மத்த ரெண்டு ராத்திரியும் உன் எழுத்துதானே?"

அந்த ரெண்டு ராத்திரியும் நான் ஒழுங்கா நடந்தேன் ஃப்ரெண்ட்ஸ். ஒரு ராத்திரி மண்ணுளிப் பாம்பு பார்த்தோம், இன்னொரு ராத்திரி கிணத்தடியில கறுப்பு ஆமை. மூணு ஷீட்டையும் எடுத்துட்டாங்க. நிஜமா பார்த்த பாம்பு, நிஜமா பார்த்த ஆமை, எல்லாம் என் ஒரு பொய்யோட போச்சு. சர்டிஃபிகேட்டுல பத்து வாரத்துக்குப் பதிலா ஏழு வாரம்னு வந்துச்சு. அதை வாங்கறப்ப என் கை அவங்க முகத்துக்கு நேரா நீளலை.

எங்க அம்மா ஊரு உத்திரமேரூர். லீவுல போனா மாமா கண்டிப்பா பெருமாள் கோயில் பக்கத்துல இருக்கிற அந்தக் கல்வெட்டு மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவார். பராந்தக சோழன் காலத்துது, 1,100 வருஷப் பழசு. குடவோலைத் தேர்தல் பத்தி ஸ்கூல் புக்குல படிச்சிருப்பீங்க, மார்க்குக்காக. ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே ஏரி வாரியம்னு ஒரு கமிட்டி இருந்துச்சு. யார் யார் நிக்கக் கூடாதுங்கற லிஸ்ட்டுல முக்கியமான ஆள் யாரு தெரியுமா? முன்னாடி வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன். அவன் மட்டுமில்ல, அவனோட சொந்தக்காரங்களும் நிக்க முடியாது. பொங்கல் லீவுல போனப்ப மாமா வழக்கம்போல அதைப் பெருமையா விளக்கினார். எனக்கு மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. பாவம், மாமாவும் என்னால நிக்க முடியாமப் போயிருப்பார்!

சேர்த்து வச்ச பணத்துல காஞ்சிபுரத்துல ஒரு ஜோடி கம்பூட்ஸும் ஒரு நல்ல டார்ச்சும் வாங்கினேன். அப்பா பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் போட்டுக்கினு வரப்புல நடந்தா ஊரே சிரிக்கும்"னார். போடலை. மாட்டுக் கொட்டகையில ஆணியில தொங்குது, அதுக்குள்ள ஒரு தேரை குடி வந்துடுச்சு. டார்ச்சை மட்டும் எடுத்துக்கறார். போற வழியில மண்வெட்டிக் காம்பால தரையைத் தட்டிக்கிட்டே போறார். அதை அவருக்கு நான் சொல்லலை. தாத்தா சொல்லியிருக்கார்.

கடிச்சா என்ன பண்ணணும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். உங்களுக்கும் சொல்றேன், ஊர்ல விவசாயம் இருக்கிறவங்க போன் பண்ணிச் சொல்லுங்க. கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால உறிஞ்சக் கூடாது, மந்திரிக்கறவர்கிட்ட போய் நேரம் போக்கக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காம, நடக்க விடாம, நேரா விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு. 108. பாம்பைப் பிடிச்சு எடுத்துட்டுப் போக வேண்டியதில்லை.

கடைசி சனிக்கிழமை சர்வேக்கு அக்கா வந்திருந்தாங்க, தாத்தா வந்தார். சொல்லாம கொள்ளாம அப்பாவும் வந்துட்டார், புது டார்ச்சோட. முன்னாடி போய் ஒவ்வொரு புதரா அடிச்சுப் பார்த்து சர்வேயைக் கெடுக்கப் பார்த்தார். தாத்தாதான் சட்டையைப் பிடிச்சுப் பின்னாடி இழுத்தார். நாலு துண்டுல தவளைங்க, ஒரு தண்ணிப்பாம்பு, வேலிகாத்தான்ல தூங்கிட்டிருந்த ஓணான் ரெண்டு. அஞ்சாவது துண்டுல இருபது நிமிஷம் தேடினோம். மதகுச் சந்து, கல்லிடுக்கு, கரைச் சரிவு. ஒண்ணும் இல்லை.

"ஒண்ணும் இல்லன்னா இன்னா எழுதுவே?"ன்னார் அப்பா.

"பூஜ்ஜியம்ப்பா."

டார்ச்சை மதகுப் பக்கம் திருப்பினார். "அந்தப் பக்கம் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

அக்கா வாட்சைப் பார்த்தாங்க. இன்னும் மூணு நிமிஷம் இருந்துச்சு. அந்தப் பக்கம் இன்னொரு தடவை போனேன்.